கரையில் நடப்போர் கடன்

எங்கள் ஊரின் பெயர் குப்பம். கடலோரத்தில் மீனவர் கூடி வாழும் சிற்றூர்களைக் குப்பம் என வழங்குவதைத் தமிழ்நாட்டார் அனைவரும் அறிவர். ஆயின் எங்கள் குப்பத்தில் கடல் இல்லை. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மேட்டு நிலத்தில், பாறையும் மானாவாரிக் கொல்லையுமாக அமைந்த ஊர் அது. கல்லை வெட்டி வெளியூருக்கு அனுப்புவது அங்கே பலருக்குப் பிழைப்பு. நீர் வேண்டுமெனின் நிலத்தை நூற்றுக்கணக்கான அடி துளைக்க வேண்டும். துளைத்தும் வாராமற்போவது உண்டு. சென்னைக்குப் போகும் புகைவண்டியில் ஏறிப் பல மணி நேரம் அமர்ந்திருந்தாலன்றி எங்களுக்கு அலையோசை கேட்க வழியில்லை. குப்பம் என்னும் சொல்லுக்குச் சிற்றூர் என்பதே பொதுப்பொருள் என்றும், பழைய வட ஆர்க்காட்டின் உள்நாட்டில் அப்பெயர் தாங்கிய ஊர்கள் பல உள்ளன என்றும் நாங்கள் விளக்கிச் சொல்வதுண்டு. ஆனாலும், கடலில்லாக் குப்பத்தார் என்று வெளியூர் நண்பர் நகைப்பதை நிறுத்தினாரில்லை.

அந்த நகைப்புத்தான் எங்களைக் கடற்கரைக்கு நடத்தியது என்று கூறினும் பொருந்தும். நாங்கள் நால்வர். மூவர் பணி ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். ஒரு தை மாதத்தில், திருச்செந்தூரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர்த் தொலைவை, இயன்ற இடமெல்லாம் மணலிலேயே நடந்து கடப்பது என முடிவு செய்தோம். ஆறு நாள் கணக்கிட்டோம். செய்தியைக் கேட்ட எங்கள் ஊர்த் தமிழன்பர்களுள் மூத்தவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “திருப்பதிக்கு நடக்கிறவன் வேண்டுதலுக்கு நடக்கிறான். சந்தைக்கு நடக்கிறவன் வயிற்றுக்கு நடக்கிறான். நீங்கள் எதற்கு ஐயா நடக்கிறீர்கள்?”

எங்களிடம் விடை இல்லை. கடலைக் காண்பதற்கு என்றோம். “கடலைப் பார்க்க ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதுமே” என்றார் அவர். அப்போது சிரித்துவிட்டோம். மூன்றாம் நாள் மாலையில் அக்கேள்வி திரும்பி வந்தபோது எங்களால் சிரிக்க முடியவில்லை.

பயன் கருதாமல், பிழைப்புக் கருதாமல், வேண்டுதலும் இன்றி ஒருவன் நடக்கலாமா? தன் வீட்டு முற்றத்தில் நடக்கலாம், மலைக்காட்டில் நடக்கலாம். பிறர் உழைத்து உண்ணும் நிலத்தின் நடுவே, அவர் உழைப்பைத் தனக்குக் காட்சியாகக் கொண்டு நடக்கலாமா? இதுவே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள். பயணக் கட்டுரை எழுதுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் வழியைச் சொல்லாமல் வழக்கைச் சொல்லுதல் இயலாது.

மேலை நாட்டில் இத்தகைய நடை ஒரு பெருவழக்கு. பிரான்சு நாட்டின் மேற்கு முனையில் பிரித்தானி என்றொரு நிலம் உண்டு. பாறையும் சூறையும் நிறைந்த அதன் கரையோரமாக 2000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றையடிப் பாதையில் ஆண்டுதோறும் எண்ணற்றோர் விடுமுறைக்காக நடக்கின்றனர். அப்பாதை அழகுக்காகப் போடப்பட்டதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், கடல்வழியே சுங்கம் செலுத்தாமல் சரக்குக் கடத்துவோரைப் பிடிக்கச் சுங்கக் காவலர் இரவும் பகலும் நடந்து நடந்து உண்டான தடம் அது. காவலர் போனபின் முட்செடி மூடிக் கிடந்த அத்தடத்தை 1968 முதல் ஆர்வலர்கள் மீட்டெடுத்தனர். 1976-இன் இறுதியில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் இயற்றியது. கடலை ஒட்டிய நிலம் தனியார் உடைமையாயினும், அதன் ஓரத்தில் 3 மீட்டர் அகலத்தை நடந்து செல்வோர்க்கு விட்டுவிட வேண்டும் என்பது அச்சட்டம். கேட்பதற்கு இனிய செய்தி. ஆயின் அதே கரையில், பெம்போல் துறைமுகத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் கல்லறைச் சுவரில், ஐசுலாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போய் மீளாதோர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கணவன் கலம் தெரிகிறதா என்று மனைவியர் நின்று நோக்கிய மேட்டிற்குக் கைம்பெண்டிர் சிலுவை என்றே பெயர். இன்று நடைப்பயணிகள் அம்மேட்டில் நின்று இளைப்பாறிக் கடலின் நீலத்தை வியக்கின்றனர். இதில் தவறு யாதுமில்லை எனலாம். தவறு இல்லை என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்க முடிகிறதா என்பதே வினா.

நம் முன்னோர் நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருளாக வகுத்தது இரங்கல். மகிழ்தல் அன்று. பொழுது சாயும் வேளை அதற்குரிய சிறுபொழுது. உள்நாட்டிலிருந்து கரைக்குப் போய் அலையில் கால் நனைத்து மகிழ்பவன் பார்வையில் இவ்விலக்கணம் பிறந்திருக்க முடியாது. கரையில் நின்று காத்திருந்தவள் பார்வையே அதனைப் பிறப்பித்திருக்க வேண்டும்.

தமிழில் நாமறிந்த புகழ்மிக்க கடற்கரை உலா கோவலனும் மாதவியும் சென்றது. இந்திர விழவின் முடிவில் அவள் வண்டியிலும் அவன் கோவேறு கழுதையிலும் ஏறிப் புகார்க் கடற்கரைக்குச் சென்றனர், நடந்து சென்றாரில்லை. புன்னை நிழலில், ஓவியத் திரை சூழ, மணலின்மேல் வெண்கால் அமளி இட்டு அமர்ந்தனர். அக்கரையில் எரிந்த விளக்குகளை இளங்கோவடிகள் எண்ணிச் சொல்லும்போது மீன் விற்போர் விளக்கையும், படகின் விளக்கையும் மறவாமல் சேர்க்கிறார். உழைப்பவர் விளக்கு எரிந்துகொண்டிருந்த அதே மணலில், உழைப்பறியாத இருவர் யாழெடுத்துப் பாடினர். பாட்டின் பொருளை ஐயுற்றுப் பிரிந்தனர். பிறகு கோவலன் உண்மையாகவே நடந்தான். அந்த நடையில்தான் கவுந்தியடிகள் உடன் வந்து, நடப்போர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுகிறார். நீர்க்கரை வழியே போகும்போது நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடுமாயின் அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்பது அதன் கருத்து. எங்கள் தமிழாசிரிய நண்பர் திருச்செந்தூர் மணலில் இறங்கியவுடன் இதைத்தான் நினைவூட்டினார். நாங்கள் நண்டைப் பார்த்துக் கால் வைத்தோம். நண்டைப் பார்த்தவர்கள் வேறு சிலவற்றைப் பார்க்கத் தவறினோம்.

திருச்செந்தூரில் நாழிக் கிணற்று நீரில் நீராடிப் புறப்பட்டோம். கடலுக்கு எட்டிய தொலைவில் அக்கிணற்று நீர் உவர்ப்பின்றி இருப்பது காண்போர்க்கு வியப்பு. வறட்சி நிலத்தவராகிய எங்களுக்கோ வியப்பினும் மிகுதியான ஒன்று. ஆலந்தலை கடந்து குலசேகரன்பட்டினம் சேர்ந்தோம். தசராக் காலத்தில் முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டோர் காளியாகவும் குறவராகவும் அரசராகவும் வேடம் புனைந்து ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெறும் ஊர் அது. எங்கள் திருப்பதியில் கங்கம்மன் திருவிழாவிலும் அடியார்கள் வேடம் தரிப்பர். ஆதலின் எங்களுக்கு அது அயல்வழக்காகத் தோன்றவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையும் வேடமிட்டுக் கையேந்த வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஏந்திய கைக்குத்தான் இடுபவன் முகம் தெரியும். நாங்களும் முதுகில் பையும் தலையில் துணித்தொப்பியுமாக ஒரு வேடம் புனைந்தே நடந்தோம். எங்கள் வேடத்திற்குக் கையேந்தும் கட்டாயம் இல்லை. அதனால் எவர் முகத்தையும் நாங்கள் உற்று நோக்கவில்லை.

மணப்பாட்டில் அரைநாள் தங்கினோம். கடலுக்குள் மூக்கு நீட்டிய மணற்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். அதனருகே கலங்கரை விளக்கம். கீழே, 1542-இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகை. அதன் பின்னே ஊருக்குள், இலங்கை வணிகம் செழித்த நாளில் எழுந்த மாடி வீடுகள், பல பூட்டிக் கிடக்கின்றன. இத்துணை அழகிய இடம் தென்கரையில் வேறில்லை என்பது எங்கள் துணிபு. அங்கே குன்றின்மேல் நின்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த போராட்டத்தின்போது 2012 செப்டம்பர் 10-இல் இதே மணப்பாட்டில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்ததை எங்களுள் ஒருவர் நினைவுகூர்ந்தார். மற்றவர் ஒன்றும் பேசவில்லை. படம் எடுப்பது மட்டும் நின்றது.

மணப்பாட்டிற்குத் தெற்கே கரை வெறிச்சோடுகிறது. உள்ளே செம்மணல் தேரி. தேரியின் விளிம்பில் பனை. பனைக்கும் கடலுக்கும் இடையே நாங்கள் நால்வர் மட்டுமே என்று தோன்றும் நாழிகைகள் உண்டு. காற்று முகத்தில் மணலை அறைந்தது. அத்தனிமையின் இன்பத்தை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஓர் ஊரை நெருங்கும்போது அத்தனிமை மயக்கம் கலையாமலே நடந்து, மணலில் விரித்திருந்த நெத்தலிக் கருவாட்டின் ஓரத்தை எங்களுள் ஒருவர் மிதித்துவிட்டார். கூடையருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஏசவில்லை. “கண்ணு கடல்ல, காலு கருவாட்டுல. நல்லா நடந்திய, அண்ணாச்சி” என்றார். எங்களுக்கு எதிரே நிலம் முழுதும் வெறுமணலாகத் தெரிந்தது; அவருக்கு அது களம். நெல் காயும் களத்தில் செருப்புக் காலோடு நடப்பவனை எங்கள் ஊரில் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்த்தோம். வலை உலர்த்திய மணலையும் அதுவரை எத்தனை இடத்தில் மிதித்து வந்தோமோ, அறியோம்.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததை இனிச் சொல்ல வேண்டும். ஊரின் பெயர் வேண்டா. பொழுது சாய்ந்துவிட்டது. எங்களுள் மூத்தவர்க்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து நடக்கவியலாத நிலை. கரையை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் அமர்ந்து, பேருந்து நிறுத்தம் எங்கே என வினவினோம். அவ்வீட்டுப் பெண்மணி எங்கள் நிலையை நோக்கி, “இருங்க அண்ணாச்சி, இருட்டிட்டு. சாப்பிட்டுட்டு இங்கனயே கிடங்க, காலையில போகலாம்” என்றார். நாங்கள் மறுப்பதுபோல மறுத்து ஒப்புக்கொண்டோம். வாசலில் இரண்டு குடம் நீர் இருந்தது. நாங்கள் நால்வரும் கால் கழுவினோம், முகம் கழுவினோம், கொப்புளம் உடைந்தவர் காலை ஊறவைத்துக் கழுவினார். இரண்டு குடமும் தீர்ந்தன. பிறகு சோறும் சாளை மீன் குழம்பும் இலையில் வந்தன. அத்தகைய குழம்பை நாங்கள் உண்டதில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டோம்.

உண்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கையில்தான் செய்தி ஒவ்வொன்றாக வந்தது. காற்று மிகுதியால் மூன்று நாளாக அவ்வீட்டார் கடலுக்குப் போகவில்லை, பாடு இல்லை. அன்றைய மீன் அடுத்த வீட்டில் வாங்கியது. நீரோ வண்டியில் வருவது. குடத்திற்கு விலை கொடுத்து வாங்குவது. அடுத்த வண்டி மறுநாள் நண்பகலுக்குமேல் வரும். இவை எவற்றையும் அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதற்கு விடையாகச் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் கோடையில் நீர் வண்டியில்தான் வரும். குடத்தின் விலை அறிந்தவர்கள் நாங்கள். கடலைக் கண்ணெதிரே பரப்பி வைத்துக்கொண்டிருப்பவர்க்கு நீர்க்குறை இராது என்று எங்கள் கால்கள் எண்ணிவிட்டன போலும்.

அன்றிரவு மணலில் படுத்து எங்களுக்குள் வழக்காடினோம். பணம் கொடுத்துவிடுவதே முறை என்றார் ஒருவர். அவர் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றியவர். அவர்களுடைய மூன்று நாள் இழப்பின் நடுவே நாம் உண்டது கடன். கடனைத் தீர்ப்பதே நேர்மை என்பது அவர் வாதம். தமிழாசிரியர் மறுத்தார்: விருந்துக்கு விலை வைப்பது விருந்தளித்தவரை உணவு விற்பவராக்குவது, கொடுத்தவர் உயரத்திலிருந்து அவரை இறக்கி நமக்குச் சமமாகவோ கீழாகவோ ஆக்கும் தந்திரம் அது என்றார். மூன்றாமவர் சொன்னது வேறு. உண்பதற்கு முன்பே வீட்டின் நிலையைக் கேட்டறிந்திருக்க வேண்டும். கேளாமல் உண்டது பிழை. உண்டபின் பணம் கொடுப்பதும் கொடாமையும் இரண்டும் பிழையே என்றார். நான்காமவர் கால் வலியால் முனகிக்கொண்டிருந்தார், கட்சி சேரவில்லை.

விடியலில் கணக்கர் எவரும் அறியாமல் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றைச் செம்பின் கீழ் வைத்துவிட்டு வந்தார். அரைக்கல் தொலைவு நடந்திருப்போம். அவ்வீட்டுப் பையன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், மணலில் ஓடி வந்தான். “தாத்தா, அம்மா இதக் குடுத்துட்டு வரச் சொன்னாவ. சோத்துக்குத் துட்டா வாங்குவோம்னு கேட்டாவ” என்று தாளை நீட்டினான். கணக்கர் அதை வாங்கிப் பையில் வைத்த வேகத்தில் அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை.

உணவிடுவது என்றதும் தமிழ்க் கடற்கரை கண்ட மற்றொரு நடை நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரல் 13-இல் இராசாசி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்தனர். 150 மைல், பதினைந்து நாள். அவர்களுக்குச் சோறும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஊரார் என்ன செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். இட்டவர் இன்னார் எனத் தெரியாது. உண்டவர் நன்றி கூறவும் வழியில்லை. அத்தொண்டர்கள் உண்ட சோற்றுக்கு விலையை எவரும் எண்ணவில்லை. ஏனெனில் அவர்கள் நடந்தது உணவிட்டவர்க்காகவும்தான். கடல் தரும் உப்பு அனைவர்க்கும் உரியது என்று நாட்டுவதற்கு நடந்தவர்கள் அவர்கள். நாங்கள் நடந்தது எங்கள் கண்ணுக்காக. இவ்வேறுபாட்டை மறைத்துப் பயனில்லை. ஆயினும் அப்பெண்மணி எங்களை அவ்வாறு பிரித்துப் பார்த்தாரா? நடந்து களைத்தவர் வாசலில் அமர்ந்தால் சோறிட வேண்டும் என்பதற்குமேல் அவர் யாதும் ஆராயவில்லை. எங்கள் நோக்கத்தை அவர் கேட்கவில்லை என்பதே, எங்களை நோக்கம் பற்றி எண்ண வைத்தது.

உவரியில் சுயம்புலிங்கர் கோயில் கரையில், நேர்த்திக்கடனாக ஓலைப்பெட்டியில் கடல்மண்ணை அள்ளிச் சுமந்து வந்து கரையில் கொட்டும் அடியாரைக் கண்டோம். கடல் தின்னும் கரைக்கு மனிதர் மண் சுமந்து கொடுக்கின்றனர் என்று எங்களுக்குப் பொருள் தோன்றியது. அது எங்கள் பொருளேயன்றி அவர்கள் பொருளன்று. இருப்பினும் நாங்களும் ஆளுக்கொரு பெட்டி சுமந்தோம். கணக்கர் மட்டும் பல முறை சுமந்தார். எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை.

இடிந்தகரை தாண்டியதும் கரை எங்களுக்கு மூடப்பட்டது. 1988-இல் இந்தியாவும் சோவியத் நாடும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி எழுந்து, 2013-இல் இயங்கத் தொடங்கிய கூடங்குளம் அணுமின் நிலையம் அங்கே கடலை ஒட்டி நிற்கிறது. வேலி, காவல். உள்நாட்டுச் சாலையில் சுற்றிப் போக வேண்டும். எங்களுக்குச் சினம் எழுந்தது. தொடர்ந்து நடந்து வந்த கரை இங்கே அறுபடுகிறதே என்று உரத்துப் பேசினோம். தேநீர்க் கடையில் இருந்த ஒரு மீனவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு ஒரு நாள் சுத்துவழி, அண்ணாச்சி. எங்களுக்கு எந்நாளும் சுத்துவழி.” அதற்குமேல் எங்கள் சினம் நிலைக்கவில்லை.

கரை யாருடையது என்னும் வினா பழையது. கி.பி. 533-இல் சசுத்தினியன் மன்னன் தொகுப்பித்த உரோமைச் சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையால் அனைவர்க்கும் பொது என்கிறது. இதை மேற்கோள் காட்டாத சுற்றுச்சூழல் அறிஞர் இலர். ஆயின் அவர்கள் பெரும்பாலும் எடுத்துரைக்காத பகுதி ஒன்று அதனை அடுத்தே உள்ளது. கரையைப் பயன்படுத்துவோர்க்கு எடுத்துக்காட்டாக அந்நூல் கூறுவது, அங்கே குடில் அமைத்துக்கொள்பவனையும், வலையை உலர்த்துபவனையும், வலையைக் கடலிலிருந்து இழுப்பவனையும். காற்று வாங்க நடப்பவனை அவ்விடத்தில் அது நினைக்கவில்லை. பொது என்றால் எவரும் வந்து போகலாம் என்று நாம் பொருள் கொள்கிறோம். உழைப்பவனை எவரும் வெளியேற்றக் கூடாது என்பது அதன் முதற்பொருளாக இருந்திருக்கலாம்.

நம் நாட்டில் இவ்விரு பொருளும் மோதிய வரலாறு உண்டு. 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதி, ஓதநீர் எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழாமல் காக்கும்படி கேட்டார். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அதைச் சட்டமாக்கியது. பின்னர் வந்த திருத்தங்கள் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தின. 2019-இல் மக்கள் நெருக்கமான ஊரகக் கரைகளில் கட்டடத் தடை எல்லை 50 மீட்டராகச் சுருங்கியது. இதற்கிடையே 1985-இல், சென்னை மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எழுந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். அழகு யாருக்கு? மாலையில் காற்று வாங்க வருவோர்க்கு. அதாவது எங்களைப் போன்றோர்க்கு. அங்கே அகற்ற முயன்றது அரசு. அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டவர் நாம்.

எங்கள் பக்கத்துத் திருப்பதி மாவட்டத்திற்கும் ஒரு கடற்கரை உண்டு. 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது பழவேற்காட்டு ஏரியும் சிறீஅரிக்கோட்டையும் அதனுள் அடங்கின. 1971 முதல் ஏவுகலம் பறக்கும் அத்தீவில் எவரும் நினைத்தபடி நடக்க முடியாது. ஏவும் நாளில் சுற்றுக்கடலில் படகு போகக் கூடாது. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்திலும் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் தெற்கு நோக்கி நேரே ஏவலாம் என்பது அவ்விடத்தின் சிறப்பு. நாட்டுக்கு அது பெருமை. அதில் எங்களுக்கு ஐயமில்லை. எனினும் இத்தகைய பெருமைகள் ஒவ்வொன்றுக்கும் கரையில் ஒரு துண்டு தேவைப்படுகிறது. அத்துண்டில் எங்கள் நடைப்பாதையும் போகும். எவருடைய பாடோ அதனுடன் போகும். இரண்டையும் ஒரே இழப்பாக எண்ணி அவர்களோடு சேர்ந்து நாங்களும் முறையிடுவது தகுமா என்றால், தகாது என்றே சொல்வோம். அவர்கள் முறையிடும்போது கேட்கும் செவிகளில் எங்களுடையவையும் இருக்கலாம், அவ்வளவே.

அவ்வாறாயின் நடக்கலாகாது என்று முடிப்பதா? எங்கள் தமிழாசிரியர் அம்முடிவுக்குத்தான் வந்தார். மற்ற மூவர்க்கும் உடன்பாடில்லை. நடவாதிருந்தால் அந்தக் கருவாட்டுக் களமும் குடநீரின் விலையும் எங்களுக்குத் தெரிந்திரா. செய்தித்தாளில் மீனவர் என்னும் சொல்லைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். வண்டியில் விரைபவன் எவரிடமும் கடன்படுவதில்லை. நடப்பவனோ நீருக்கும் நிழலுக்கும் வழிக்கும் பிறரிடம் கடன்பட்டே தீர வேண்டும். அக்கடன் அவனுக்குத் தெரிகிறதா, பணத்தால் மூடிவிட முயல்கிறானா என்பதில்தான் எங்கள் வழக்கு வந்து நின்றது. கணக்கர் இன்றும் தாம் செய்தது தவறன்று என்கிறார். ஆனால் அந்தத் தாளை இதுவரை செலவழிக்கவில்லை.

ஆறாம் நாள் கன்னியாகுமரி சேர்ந்தோம். கூட்டத்தில் நின்று கதிரவன் மறைவதைக் கண்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எழுதாதவர் எவருமில்லை.

அந்தப் பையன் தாளைத் திருப்பித் தந்தவுடன் ஓடிவிடவில்லை என்பதைச் சொல்ல மறந்தோம். சிறிது தொலைவு உடன் நடந்து வந்தான். எந்த ஊர் என்று கேட்டான். குப்பம் என்றோம். “எங்க குப்பம் மாதிரியா?” கடல் இல்லாத குப்பம் என்றோம். அவன் நம்பவில்லை, சிரித்தான். “நடந்து வரணும்னா எத்தன நாளாகும்?” இருபது நாளுக்குமேல் ஆகும் என்றோம். “வந்தா எங்க தங்க?” என்று கேட்டான். “எங்கள் வீட்டில்தான்” என்று எங்களுள் ஒருவர் உடனே சொல்லிவிட்டார்.

சொன்னவர்க்கு அன்றிரவே கலக்கம் பிறந்தது. எங்கள் தெருவில் அந்தி வேளையில், கைலி கட்டிய, மீன் மணக்கும் அந்நியர் நால்வர் வந்து ஒரு வாசலில் அமர்ந்து கால் வலிக்கிறது என்றால் என்ன நடக்கும்? திண்ணைகளை இடித்து இரும்புக் கதவு போட்டுப் பல ஆண்டாயிற்று. முதலில் எங்கிருந்து வருகிறீர்கள் என்போம். அடுத்து என்ன சாதி என்பதை நேரே கேளாமல் வேறு பத்துக் கேள்விகளால் கேட்போம். பிறகு பேருந்து நிலையத்திற்கு வழி காட்டுவோம். இவ்வாறு அவரே சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் தம் மனைவியாரிடம் நடந்ததெல்லாம் கூறி, அந்தப் பையனும் அவன் வீட்டாரும் என்றேனும் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மையார் அரிசி களைந்துகொண்டே சொன்னாராம்: “வரட்டும். ஆனா தண்ணி வண்டி வர்ற நாளாப் பாத்து வரச் சொல்லுங்க.”